புரோட்டோடைப் எந்த முறையில் செய்வது, ஸ்பெக் எவ்வளவு எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்து யூஐ டிசைன், அதாவது ஆப்களின் திரைகளை வடிவமைக்கும் வேலை செய்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். சிலர் கல்லூரி மாணவர்கள், சிலர் வேலைக்குப் புதுசு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஆப்பைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் அக்காக்கள், யார் எவ்வளவு பாக்கி என்று குறித்துக்கொள்ள ஒரு 'பாக்கி நோட்டு' ஆப். அதை நான் டிசைன் செய்தபோது இரண்டு முறை தப்பாகப் போய் மூன்றாவது முறைதான் சரியாக வந்தது, அதனால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

புரோட்டோடைப், ஸ்பெக், இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. வீடு கட்டும்போது மேஸ்திரி தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, "இது ஹாலு, இது கிச்சனு, உள்ள நின்னு பாருங்கம்மா" என்பார். அந்தம்மாவும் நின்று பார்த்துவிட்டு "அடுப்பு இந்தப் பக்கம் வரட்டும், காத்து வரும்" என்பார். அந்தச் சுண்ணாம்புக் கோடுதான் புரோட்டோடைப். எத்தனை மில்லிமீட்டர் கம்பி, எவ்வளவு கலவை, பைப் எங்கே இறங்குகிறது என்று எழுதி வைப்பது ஸ்பெக். முதலாவது, குடியிருக்கப் போகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள. இரண்டாவது, கட்டப் போகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல. சுண்ணாம்புக் கோட்டை மட்டும் பார்த்து யாரும் கான்கிரீட் போடமாட்டார்கள், ஆனால் நம் தொழிலில் திரைகளை வரையும் ஃபிக்மா என்ற டூலிலிருந்து ஒரு லிங்க்கை அனுப்பிவிட்டு "இதுதான் ஸ்பெக்" என்று சொல்வது தினமும் நடக்கிறது.

இத்தனை முறைகள் இருக்கின்றனவே, எதைத் தேர்ந்தெடுப்பது?

முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு வரி எழுதுங்கள்: "இந்தப் புரோட்டோடைப்பை வைத்து நான் தெரிந்துகொள்ள விரும்புவது இது." அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் எந்த டூலும் உதவாது.

ஆப்பிளில் வேலை செய்த ஸ்டெஃபனி ஹௌட், சார்லஸ் ஹில் இருவரும் 1997-ல் எழுதிய ஒரு கட்டுரை இதை ரொம்ப அழகாகப் பிரித்துச் சொல்கிறது. ஒரு புரோட்டோடைப் மூன்று விஷயங்களில் எதையாவது சோதிக்கலாம். இந்தப் பொருளுக்கு அந்த ஆளின் வாழ்க்கையில் என்ன வேலை என்பது ஒன்று. பார்க்கவும் தொடவும் எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. உள்ளே இது உண்மையிலேயே ஓடுமா என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே புரோட்டோடைப்பில் சோதிக்க முயன்றால் அது கிட்டத்தட்ட முழு ஆப்பாகவே ஆகிவிடும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

பாக்கி நோட்டில் நான் செய்த முதல் தப்பு இதுதான். அக்காக்களுக்கு எழுதி வைக்கும் பழக்கமே இருக்கிறதா, மனக்கணக்கா, பொண்ணோ பையனோ வீட்டில் இரவு எழுதித் தருகிறார்களா என்று எதுவும் தெரியாமல், மூன்று வாரம் நிறமும் ஐகானும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்துகொள்ள வேண்டியது முதல் விஷயம், நான் சோதித்தது இரண்டாவது விஷயம்.

அதனால் என் வழக்கம் இப்படி. வேலையே புரியவில்லை என்றால் காகிதம், அல்லது ஆளை வைத்தே சேவையை ஓட்டிப் பார்ப்பது. வேலை புரிந்துவிட்டது, திரைகளின் வரிசைதான் குழப்பம் என்றால் கிளிக் புரோட்டோடைப், அதாவது வரைந்த திரைகளை இணைத்துத் தட்டிப் பார்ப்பது. விரல், கீபோர்டு, வேகம், வெளிச்சம் என்று உடம்பு சம்பந்தப்பட்ட சந்தேகம் என்றால் உண்மையான போனில் ஓடும் கோடு (புரோகிராம்). இதற்கு நடுவில் விதிவிலக்குகள் நிறைய உண்டு, ஆனால் ஆரம்பிக்க இது போதும்.

காகிதத்தில் வரைந்து காட்டினால் கிளையண்ட் மதிப்பாரா?

கிளையண்டுக்குக் காட்டாதீர்கள், பயன்படுத்தப் போகிறவரிடம் காட்டுங்கள். இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள்.

காகிதத்தின் பெரிய பலம், அதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது என்பதுதான். போனில் பளபளவென்று ஒரு திரையைக் காட்டினால், "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், ஏனென்றால் நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்தது தெரிகிறது, மனசு நோகக்கூடாது என்று நினைக்கிறார்கள். பென்சிலில் வரைந்ததைக் காட்டினால் அதே அக்கா என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, "பேரு அப்புறம் போடு, மொதல்ல துட்டு எவ்ளோன்னு கேளு" என்று அடித்துத் திருத்தினார். பாக்கி எழுதும் திரையில் தொகைதான் முதலில் வரவேண்டும் என்பது அந்த ஒரு கோட்டில் முடிவானது.

பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் கெட்டி அட்டையும் கலர் பேப்பரும் வாங்கி, போன் அளவுக்கு நடுவில் ஓட்டை வெட்டிய அட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள். திரைகளை நீளத் துண்டுகளாக வரைந்து அந்த ஓட்டைக்குப் பின்னால் நகர்த்தினால் ஸ்க்ரோல் வந்துவிடும். ஒருவர் 'கம்ப்யூட்டராக' உட்கார்ந்து, சோதிப்பவர் எதைத் தொடுகிறாரோ அதற்கேற்ற காகிதத்தை எடுத்து வைக்கவேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று தோன்றினால், கையடக்கக் கருவியான பாம் பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாகின்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1996-ல் அது கடைக்கு வருவதற்கு முன், அந்த அளவில் வெட்டிய ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் எடுத்து அதில் எழுதுவதுபோல் பாவனை செய்துகொண்டே திரிந்திருக்கிறார். பையில் அடங்குமா, எதற்கெல்லாம் கை அதைத் தேடுகிறது என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. அதற்கு மரக்கட்டை போதும்.

காகிதத்தால் முடியாததும் உண்டு. வேகம் தெரியாது, கீபோர்டு வந்து பாதித் திரையை மறைப்பது தெரியாது, வெயிலில் படிக்க முடிகிறதா என்பதும் தெரியாது.

ஆளை வைத்தே சேவையை ஓட்டுவது என்றால் என்ன?

ஆப் செய்யவேண்டிய வேலையைத் திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் செய்வது. ஆங்கிலத்தில் இதற்கு 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' முறை என்று பெயர். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்-மில் ஜான் கூல்டும் அவருடைய குழுவும், பேசினால் தானே டைப் அடிக்கும் இயந்திரத்தை மக்கள் விரும்புவார்களா என்று பார்க்க, பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் எதையும் எழுதாமல், இன்னொரு இடத்தில் ஒரு டைப்பிஸ்டை உட்காரவைத்து அவர் அடிப்பதைத் திரையில் காட்டினார்கள்.

நமக்கு அந்த ஏற்பாடுகூட வேண்டாம், வாட்ஸ்அப் இருக்கிறது. இரண்டு வாரம் மூன்று அக்காக்களிடம் என் நம்பரைக் கொடுத்து, "பாக்கி வச்சா வாய்ஸ் மெசேஜ் போடுங்க, நான் எழுதி வெச்சு ராத்திரி லிஸ்ட் அனுப்புறேன்" என்றேன். ஆப் இல்லை, கோடு இல்லை. அந்த இரண்டு வாரத்தில் வந்த வாய்ஸ் மெசேஜ்கள்தான் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஸ்பெக். ஆட்களை அவர்கள் பெயரால் சொல்வதே இல்லை: "மாடி வூட்டு டீச்சரம்மா", "ரெண்டாவது சந்து ஆட்டோக்காரரு." நான் வரைந்த திரையில் முதல் பெயர், கடைசிப் பெயர், போன் நம்பர் என்று மூன்று பெட்டி இருந்தது. மூன்றையும் எடுத்துவிட்டு 'யாரு?' என்று ஒரே பெட்டி வைத்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை. சேவை என்ற பெயரில் மனிதர்தான் எழுதுகிறார் என்பதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லிவிடுங்கள், குறிப்பாகக் காசு, கடன், உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்றால். அடுத்தவர் கடன் விவரம் உங்கள் போனில் வந்து கிடக்கிறது, சோதனை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

அப்போ ஃபிக்மாவில் கிளிக் புரோட்டோடைப் எப்போது?

வரிசை, வழி, பெயர் ஆகியவற்றில் சந்தேகம் இருக்கும்போது. இந்தத் திரையிலிருந்து அங்கே போக வழி தெரிகிறதா, 'வரவு' என்ற சொல் புரிகிறதா 'வந்தது' புரிகிறதா, திரும்பி வரத் தெரிகிறதா. இதற்கு அது அருமையான கருவி, அரை நாளில் பத்துத் திரையை இணைத்துவிடலாம்.

ஆனால் அதில் எல்லாமே நல்லபடியாக நடக்கும், அதுதான் ஆபத்து. அதில் நெட் போகாது, பெயர் நீளமாக இருக்காது, லிஸ்டில் எப்போதும் அழகாக ஆறு பேர் இருப்பார்கள். நீங்கள் வரைந்த இடத்தைத் தவிர வேறு எங்கு தட்டினாலும் ஒன்றும் நடக்காது, அதனால் சோதிப்பவர் இரண்டாவது நிமிடமே எங்கே தட்டினால் வேலை செய்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார். அந்தத் தேடலை 'புரிந்துகொண்டார்' என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.

கோடு எழுதியே புரோட்டோடைப் செய்யவேண்டிய நேரம் உண்டா?

உண்டு, உடம்பும் இடமும் சம்பந்தப்பட்டால் கட்டாயம். என் இரண்டாவது தப்பு இங்கேதான். ஃபிக்மாவில் எல்லாம் சரியாகப் போன டிசைனை எடுத்துக்கொண்டு விடியற்காலை காசிமேட்டுக்குப் போனேன். ஏலம் நடக்கிறது, கூடை நகர்கிறது, ஐஸ் தண்ணீர் கையில் சொட்டுகிறது. நம் போன்களின் தொடுதிரை விரல் படும்போது ஏற்படும் மின் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்வது, அதனால் திரையில் தண்ணீர் இருந்தால் தொட்டதை விட்டுவிடும், தொடாத இடத்தைத் தொட்டதாகவும் எடுத்துக்கொள்ளும். அக்கா 5 தட்டினால் 8 விழுந்தது. ஒரு கையில் எடைக்கல், இன்னொரு கையில் போன், கட்டைவிரல் மட்டுமே மிச்சம். நான் மேல் மூலையில் வைத்திருந்த 'சேமி' பட்டனுக்கு அந்த விரல் எட்டவே இல்லை.

அன்றைக்கே முடிவு செய்தோம்: சந்தையில் யாரும் தட்டப்போவதில்லை, குரலில் பதிவு, வீட்டுக்கு வந்து கை கழுவிய பிறகு சரிபார்ப்பு. இதைச் சோதிக்க ஒரே பக்கம், ஒரே பெரிய மைக் பட்டன், போனின் பிரவுசரில் ஓடுகிற கோடு, அவ்வளவுதான் எழுதினேன். அதில் லாகின் இல்லை, டேட்டாபேஸ் இல்லை. சோதனை முடிந்ததும் அந்தக் கோடை அப்படியே தூக்கிப் போட்டேன். அவசரத்தில் எழுதியதை அஸ்திவாரமாக வைத்து மேலே கட்டக்கூடாது, ஆரம்பத்திலேயே "இது தூக்கிப்போட எழுதுவது" என்று டீமில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்போது ஏஐ-யே ஐந்து நிமிடத்தில் ஓடும் ஆப் எழுதித் தருகிறதே, காகிதம் இன்னும் எதற்கு?

நானும் பயன்படுத்துகிறேன், மேலே சொன்ன மைக் பட்டன் மாதிரி ஒன்றை இன்றைக்குச் செய்யவேண்டும் என்றால் அப்படித்தான் செய்வேன். ஆனால் அது தருவது முடிந்த வேலை மாதிரியே தெரியும், அதனால் "நல்லா இருக்குப்பா" பிரச்சினை இரண்டு மடங்காகும். அதுவும் போக, நீங்கள் சொல்லாமல் விட்ட இடங்களையெல்லாம் அது தானாக ஒரு முடிவெடுத்து நிரப்பிவிடும்: பாக்கி தீர்ந்தால் பெயர் மறையுமா, தப்பாகப் போட்டால் அழிக்கலாமா, யார் அழிக்கலாம். அந்த முடிவுகள் எடுக்கப்பட்டதே உங்களுக்குத் தெரியாது. அதனால் ஏஐ வைத்துச் செய்தால், அது என்னென்ன முடிவெடுத்திருக்கிறது என்று உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலில் பாதி, ஸ்பெக்கில் இருக்கவேண்டியவை.

எத்தனை பேரிடம் சோதிக்கவேண்டும்?

பயன்பாட்டுச் சோதனைகளை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதிய கணக்கு பிரபலம்: 5 பேரிடம் சோதித்தால் சுமார் 85 சதவீதப் பிரச்சினைகள் வெளியே வந்துவிடும். ஒருவரிடம் சோதித்தால் சராசரியாக 31 சதவீதம் தெரியும் என்ற கணக்கிலிருந்து வந்த எண் அது. ஆனால் எல்லோரும் மறந்துவிடும் பகுதி, அந்த 5 பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி பயன்படுத்துபவர்களாக இருக்கவேண்டும் என்பது. மீன் விற்கும் அக்காவும், எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் பில் போடும் தம்பியும் ஒரே கூட்டம் இல்லை. வகைகள் பல இருந்தால் ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பேர் வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால், 5 பேரிடம் ஒரு தடவை பார்ப்பதைவிட, 3 பேரிடம் பார்த்து, திருத்தி, இன்னொரு 3 பேரிடம் பார்ப்பது நல்லது.

அவர்களிடம் என்ன கேட்பது? கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்கிறார்கள்?

"பிடிச்சிருக்கா" என்று கேட்காதீர்கள். வேலை கொடுங்கள். "அக்கா, நேத்து அந்த டீச்சரம்மா 350 ரூவா பாக்கி வெச்சாங்கன்னு வெச்சுக்கோங்க, இதுல எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த மூடிக்கொள்வதுதான் மிகக் கஷ்டம். அவர் தடுமாறும்போது கை தானாக நீளும், "அங்க அமுக்குங்க" என்று சொல்லத் தோன்றும். சொன்ன நொடியில் சோதனை முடிந்தது. "இன்னாப்பா, நான் எங்க அமுக்கணும்?" என்று கேட்டால், "நீங்க எங்கன்னு நினைக்கிறீங்க அக்கா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆரம்பத்திலேயே, "உங்களைச் சோதிக்கல, நான் வரைஞ்சது சரியா இருக்கான்னு பாக்குறேன், எதுவும் அழிஞ்சிடாது" என்று சொல்லிவிடுங்கள். 'எதுனா அழிஞ்சிடப் போவுது' என்ற பயம், முதல் தடவை ஸ்மார்ட்போன் வாங்கியவர்களிடம் நிறைய இருக்கிறது. அப்புறம், அவர் வியாபார நேரத்தில் போய் நிற்காதீர்கள். மதியம் கூடை காலியான பிறகு போங்கள். அவர் கொடுக்கும் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுங்கள், டீயோடு முடித்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ஸ்பெக்கில் என்னென்ன இருக்கவேண்டும்?

படத்தில் தெரியாதது எல்லாம். நிறமும் இடைவெளியும் டெவலப்பர் ஃபிக்மாவிலேயே பார்த்துக்கொள்வார், அதை மறுபடி எழுதுவது நேரம் வீண். எழுதவேண்டியது நடத்தை: ஒன்றும் இல்லாதபோது என்ன, நிறைய இருந்தால் என்ன, நெட் போனால் என்ன, இரண்டு முறை தட்டினால் என்ன, பாதியில் போன் அடித்தால் என்ன.

பாக்கி எழுதும் திரைக்கு நான் கொடுத்ததிலிருந்து சில வரிகள்:

தொகை 1 முதல் 99,999 வரை மட்டும். பைசா கிடையாது. பாக்கிகளின் கூட்டுத்தொகை லட்சம் வந்தால் 1,00,000 என்று நம் முறையில் கமா போடவேண்டும்.
தொகை பெட்டியைத் தொட்டால் எண் கீபோர்டு மட்டும் வரவேண்டும்.
'சேமி'யை இரண்டு முறை தட்டினாலும் ஒரு பதிவுதான் ஏறவேண்டும்.
நெட் இல்லாவிட்டாலும் போனிலேயே சேமிக்கவேண்டும். நெட் வந்ததும் தானாகப் போகவேண்டும். அதுவரை அந்த வரியில் 'இன்னும் அனுப்பவில்லை' என்று காட்டவேண்டும்.
சேமித்த பதிவை அழிக்கக் கூடாது, திருத்த மட்டுமே முடியவேண்டும். பழைய தொகை அடியில் தெரியவேண்டும்.
நாள் கணக்கு நள்ளிரவில் மாறக் கூடாது. பகல் 12 மணிக்கு மாறவேண்டும்.

கடைசி வரியைப் பார்த்து டெவலப்பர் தம்பி எனக்குப் போன் செய்தார், தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்து. தப்பில்லை. ராத்திரி 11 மணிக்குக் கிளம்பி, விடிய முன்னால் ஏலம் எடுத்து, காலையில் விற்று முடிப்பவருக்கு அதெல்லாம் ஒரே நாள். நள்ளிரவில் தேதி மாறினால் அவருடைய ஒரு நாள் கணக்கு இரண்டாக உடைகிறது. இது எந்தப் படத்திலும் தெரியாது, எழுதினால்தான் உண்டு.

அதேபோல் 'காலித் திரை'. எல்லோரும் "இன்னும் பதிவுகள் இல்லை" என்று ஒரு படம் போட்டு விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயத்தில் வரத்து குறைந்து, சிலர் வியாபாரத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆப் தினமும் "இன்று ஒன்றும் பதியவில்லையே" என்று ஞாபகப்படுத்தினால் அது வெந்த புண்ணில் வேல். அதனால் தொடர்ந்து 3 நாள் பதிவு இல்லாவிட்டால் ஞாபகப்படுத்துவதை நிறுத்தவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம்.

ஸ்பெக்கைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், நான் எழுதுகிறேன். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 'லாம்'. "பிழைச் செய்தி காட்டலாம்" என்று எழுதினால் அது கட்டாயமா, விருப்பமா, அனுமதியா? ஒரு வேலையில் இதனாலேயே பிழைச் செய்திகள் இல்லாமல் ஆப் வெளியே போனது. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலுக்காகவே 1997-ல் ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றுக்கு எந்தச் சொல் என்று வரையறுத்தது. நாங்கள் மூன்றே சொல் வைத்திருக்கிறோம்: 'வேண்டும்', 'கூடாது', 'இருந்தால் நல்லது'. 'லாம்' கண்ணில் பட்டால் யாரும் அடித்துத் திருத்தலாம் என்பது டீமில் விதி.

தமிழ்த் திரைகளுக்கென்று தனியாக எதை எழுதவேண்டும்?

இது பெரிய விஷயம், பலர் கடைசி நாளில்தான் கவனிக்கிறார்கள்.

முதலில் நீளம். ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்பது ஆறு எழுத்து. 'சமர்ப்பிக்கவும்' ஒன்பது எழுத்து, அகலமான எழுத்துகள் வேறு. ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுப் பிறகு தமிழைப் போட்டால் பட்டன் உடையும். வரையும்போதே தமிழில் வரையுங்கள், 'சமர்ப்பிக்கவும்' என்பதற்குப் பதில் 'அனுப்பு' என்று போடுங்கள், பேசுகிற மாதிரியும் இருக்கும், இடத்திலும் அடங்கும்.

அடுத்தது எண்ணிக்கை. "பெயர் 15 எழுத்துக்குள்" என்று ஸ்பெக்கில் எழுதினால் கம்ப்யூட்டர் வேறு மாதிரி எண்ணும். கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடில் புள்ளியும், கால், கொம்பு மாதிரியான உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடு. 'வண்ணாரப்பேட்டை' நமக்கு 8 எழுத்து, யூனிகோடுக்கு 14. 'புதுவண்ணாரப்பேட்டை' நமக்கு 10, அதற்கு 18. 15 என்று வைத்த பெட்டியில் அது 'புதுவண்ணாரப்பேட' என்று நிற்கும், ஊர்ப் பெயரே போச்சு. ஆகவே எல்லை வைத்தால் எதை எண்ணுவது என்றும் எழுதவேண்டும், வெட்டினால் முழு எழுத்தில்தான் வெட்டவேண்டும் என்றும் எழுதவேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பும் ஆப் என்றால் இன்னும் ஒன்று: ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்-ஸில் 160 குறியீடு போகும், தமிழில் 70 தான். செலவுக் கணக்கு அங்கேயே மாறிவிடும்.

மூன்றாவது உயரம். வரி உயரத்தை ஆங்கிலத்துக்குப் பார்த்து இறுக்கிவிட்டால் மேலே புள்ளி வெட்டுப்படும், கீழே 'ழு', 'கூ' மாதிரி எழுத்துகளின் வால் போய்விடும். புள்ளி போனால் சொல்லே மாறும்: 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். எந்த ஃபாண்ட், எந்த வரி உயரம் என்று எழுதி, மலிவான பழைய போன் ஒன்றில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

பட்டன் அளவு, நிறம், நேரம் இதற்கெல்லாம் நிலையான எண்கள் உண்டா?

உண்டு. தொடும் இடம் ஆண்ட்ராய்டில் 48 டிபி, ஐபோனில் 44 பாயிண்ட் (இரண்டும் அந்தந்தப் போனின் திரை அளவு அலகு) என்று அந்தந்த நிறுவனங்களே சொல்கின்றன. எல்லோராலும் பயன்படுத்த முடியும்படி திரைகளை அமைக்க வழிகாட்டும், 2023-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 குறைந்தபட்சம் 24 பிக்சல் என்கிறது, அது அடிமட்ட எல்லைதான், அதைக் குறிவைக்காதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 4.5க்கு 1 இருக்கவேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1. டிசைனர்களுக்குப் பிடித்த வெளிர் சாம்பல் #999999 வெள்ளைமேல் 2.85 தான் வருகிறது. #767676 வரை அடர்த்தியாக்கினால்தான் 4.54 வரும். அதுவும் அறைக்குள் பார்க்க. மீன் மார்க்கெட் வெயிலில் நான் கறுப்புதான் போடுவேன்.

நேரத்துக்குப் பழைய கணக்கே இன்னும் சரி: 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 1 வினாடி வரை நினைப்பு அறுபடாது, 10 வினாடிக்கு மேல் போனால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். எந்தச் செயல் இந்த மூன்றில் எதற்குள் அடங்கவேண்டும் என்று ஸ்பெக்கில் எழுதுங்கள். "வேகமாக இருக்கவேண்டும்" என்பதை யாராலும் சோதிக்க முடியாது.

எந்த டூல் நல்லது?

கைக்கு வந்தது. ஃபிக்மா தெரிந்தால் வேலை கிடைப்பது சுலபம், காசில்லாமல் திறமூலமாக வேண்டும் என்றால் பென்பாட் இருக்கிறது. ஸ்பெக்கை மட்டும் டூலுக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். ஒரு காலத்தில் கிளிக் புரோட்டோடைப் என்றாலே இன்விஷன் என்று இருந்தது, 2024 கடைசியோடு அந்தச் சேவை நின்றுபோனது. சாதாரண ஆவணத்தில் எழுதிய ஸ்பெக் எங்கேயும் திறக்கும்.

புரோட்டோடைப்பைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதே, நாளைக்கே விட்டுடலாம்" என்கிறாரே கிளையண்ட்?

எல்லோருக்கும் வருகிற பிரச்சினை. பளபளப்பான புரோட்டோடைப்பை முதல் கூட்டத்திலேயே காட்டினால் இது நடக்கத்தான் செய்யும். நான் இப்போது காட்டும்போது பக்கத்திலேயே ஒரு தாள் வைக்கிறேன்: இதில் எவை நடிப்பு, எவை நிஜம். 'லாகின் நடிப்பு. லிஸ்டில் உள்ள பெயர்கள் நடிப்பு. தொகை கூட்டுவது நிஜம்.' அதைப் படித்த பிறகு யாரும் நாளைக்கே விடச் சொன்னதில்லை.

ஸ்பெக் போதுமான அளவு எழுதிவிட்டேன் என்று எப்படித் தெரியும்?

இந்த வேலையையே பார்க்காத ஒரு டெவலப்பரிடம் கொடுத்து, ஒரே ஒரு திரையை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்: "இதைத் தட்டினா இது நடக்கும், இல்லாட்டி இது." அவர் "அப்படின்னா?" என்று நிறுத்தும் ஒவ்வொரு இடமும் நீங்கள் எழுதாமல் விட்ட வரி. பாக்கி நோட்டுக்கு முதல் தடவை பதினான்கு இடத்தில் நின்றார். எழுதிச் சேர்த்துவிட்டு இரண்டாவது ஆளிடம் கொடுத்தபோது மூன்று. அந்த மூன்றில் ஒன்று, பாக்கி வைத்தவர் இறந்துபோனால் அந்தப் பெயரை என்ன செய்வது என்பது. அதை நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். "கணக்க முடிச்சிடு, பேர மட்டும் எடுக்காத" என்றார். அப்படியே எழுதினேன்.